நீ முதல்ல உக்காரு

ஜனவரி 5, ஞாயிறு

புறாக்களைத் தடாவில் விட்டது காலை 7.10. முதல் புறா மெயில் வந்தது 8.02. சிலேட்டு 8.05. மற்றவை 8.20க்குள். ஒன்று இன்னும் வரவில்லை. வானம் தெளிவு.

நகைக்கடையில் கொடுத்த டைரி. போன வருடத்தைவிடத் தாள் மட்டம். ஏகாம்பரம், துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், ராயபுரத்தில் சொந்த வீடு, மொட்டை மாடியில் நாற்பத்திரண்டு ஹோமர் புறாக்கள் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். தொலைந்தால் யாராவது கொண்டுவந்து கொடுக்கட்டும். ஹோமர் என்றால் கோபுரத்தில் உட்கார்ந்து அசிங்கம் பண்ணுகிற ரகம் இல்லை. முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் பந்தயப் புறா. டைரி அவற்றுக்காகத்தான். மனிதர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

கீழே இருந்த மனைவி லோகுவிடம் டீ கேட்டுக் குரல் கொடுத்தது 8.25. டீ மேலே வந்தது 8.34. இருபத்தாறு படிக்கு ஒன்பது நிமிடம். டீ ஆறிப்போயிருந்தது.

"இன்னாடி, நடுவுல கட போட்டுட்டு வர்றியா?" என்றேன்.

"முட்டி வலிய்யா" என்றாள். படி திரும்புகிற இடத்தில் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்பதை இப்போதெல்லாம் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறாள். வயது அறுபது ஆகவில்லை, அதற்குள் கிழவியாகிவிட்டாள்.

ஜனவரி 9, வியாழன்

தொலைந்த புறா வந்துவிட்டது. இறக்கையில் அடி. லோகு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

என் இருமல் இரண்டு மாதமாக விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். பீடி பிடிப்பதுண்டா என்றார். விட்டு ஏழு வருடம் என்றேன். முகத்தைப் பார்த்தார். சரி, நாலு வருடம் என்றேன். நுரையீரலில் எவ்வளவு காற்று கொள்கிறது என்று அளந்து பார்க்க வேண்டுமாம். வியாழக்கிழமை வரச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டில் உள்ளபடி:

டெஸ்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. இறுக்கமான துணி கூடாது. பீடி சிகரெட் கூடாது. கட்டிய பல் இருந்தால் கழற்ற வேண்டாம். மூச்சுக்கு மருந்து உறிஞ்சுகிறவர்கள் எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவும். வலிக்காது.

வலிக்காது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஜனவரி 22, புதன்

பந்தயத்துக்குப் போகும்முன் புறாவைப் பழக்குகிறோம் இல்லையா, அதேபோல நானும் பழகினேன். பலூன் வாங்கி வந்து ஊதினேன். மூன்று மூச்சில் ஒரு பலூன். இந்த வயதில் யாருக்கு வரும்? லோகுவிடம் ஒன்று கொடுத்தேன். ஊதினாள். பலூன் அசையவே இல்லை. சிரித்தாள், சிரித்தது இருமலாகிவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

பெண்களுக்கு மூச்சு கம்மிதான்.

காலையில் கூண்டு பெருக்க அவள் தாமதம். புறாக்கள் எச்சத்தின் மேலேயே நடந்துகொண்டிருந்தன. சத்தம் போட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூச்சு டெஸ்ட் அறையில் பியூலா என்ற அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும், கறாரான ஆள். என் உயரம், எடை பார்த்து, வயது கேட்டு கம்ப்யூட்டரில் தட்டினாள். அந்த வயதுக்கும் உயரத்துக்கும் நுரையீரல் எவ்வளவு காற்றுப் பிடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம், நம்முடையதை அதோடு ஒத்துப் பார்ப்பார்களாம். அதுவரை சரி. அப்புறம் திரையை விலக்கினாள்.

நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒரு நாற்காலி. கதவைச் சாத்தினால் காற்றுப் புகாது. சாவு வீட்டில் பிணத்தைப் படுக்க வைப்பார்களே ஐஸ் பெட்டி, அதைத் தூக்கி நிற்க வைத்தது போல இருந்தது.

"உள்ள போய் உக்காருங்க சார். கதவச் சாத்துவேன். மூக்குல கிளிப் போடுவேன். இந்தக் குழாய வாயால கவ்விக்கிட்டு, ரெண்டு கன்னத்தையும் கையால அழுத்திப் பிடிச்சுக்கணும். சாதாரணமா மூச்சு விடுங்க. நடுவுல ரெண்டு செகண்ட் குழாய் மூடிக்கும், காத்து வராது. பயப்படாம நாய் இரைக்கிற மாதிரி இரைக்கணும். அப்புறம் முழுசா இழுத்து முழுசா விடணும். அவ்வளவுதான்."

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. கப்பலுக்கு மேல் எண்பதடி உயரத்தில் கிரேன் கூண்டில் உட்கார்ந்தவன் நான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு மிஷினை ஓட்டத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டாமா? அதனால் சொன்னேன்: "லோகு, நீ மொதல்ல உக்காரு. எப்படிக் கீதுன்னு பாத்துட்டு நான் போறேன்."

வீட்டில் வெந்நீர் சூடு பார்ப்பது அவள்தான். குழம்பில் உப்புப் பார்ப்பதும், புது மாத்திரை கசக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பதும்கூட அவள்தான். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். அவளும் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"நோயாளி அவர்தானம்மா" என்றாள் பியூலா.

"அவரு பயந்தாங்கொள்ளி மேடம். நான் உக்காந்தா அப்பால வந்துடுவாரு" என்றாள் லோகு. எனக்குக் கோபம் வந்தது.

கூட்டம் இல்லாத நேரம். பியூலா சிரித்துக்கொண்டே சரி என்றாள். மாதிரிக்குத்தானே என்று லோகுவின் உயரம், வயது, எடையைத் தட்டினாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு உள்ளே லோகு மூக்கில் கிளிப்போடு இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பார்க்கச் சிரிப்பாக இருந்தது. நான் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சிரித்தேன்.

"இழுங்க, இழுங்க, இழுங்க... இன்னும்... அம்மா, முழுசா இழுங்கம்மா."

"இழுத்துட்டேன் மேடம்" என்று உள்ளிருந்து மைக்கில் வந்தது.

பியூலா திரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை என்றாள். அப்புறம் இன்னொரு தடவை. ஏதோ ஒயரைப் பிடுங்கி மாட்டினாள். பெட்டியைத் திறந்து மூடினாள். நாலாவது தடவைக்கு அப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கதவைத் திறந்து லோகுவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். இரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். "இந்த வராண்டா கடைசி வரைக்கும் நடந்துட்டு வாங்கம்மா" என்றாள். லோகு நடந்து வந்தாள். எண்பத்து நாலு.

"மாடிப்படி ஏறுவீங்களா?"

"ஏறுவேன் மேடம். நின்னு நின்னு ஏறுவேன்."

"எவ்வளவு நாளா நின்னு நின்னு?"

லோகு என்னைப் பார்த்தாள். "ஒரு ரெண்டு வருசமா."

முட்டி வலி என்றுதானே சொன்னாய் என்று கேட்க வாயெடுத்தேன். பியூலா என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

அப்புறம் என்னையும் உள்ளே உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள், குழாய் மூடியது, காற்று நின்றது. பயப்பட மறந்துபோனேன். கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் லோகு உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என் நுரையீரல் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. வெறும் தொண்டைச் சளியாம். அவளுடையது ஐம்பத்தொன்று.

ஜனவரி 24, வெள்ளி

மிஷின் கோளாறாக இருக்கும். புறாக்களைத் திறந்துவிட்டேன். நேரம் குறிக்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

மிஷின் கோளாறு இல்லை. நேற்று முன்தினம் ஸ்கேன் எடுத்தார்கள், இன்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வலை.

லோகுவிடம்தான் கேட்டார். விறகு அடுப்பா? இல்லை. மில்லில் வேலை செய்தீர்களா? இல்லை. வீட்டில் யாராவது பீடி பிடிப்பார்களா? இவர் பிடித்தார், விட்டுவிட்டார். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

"வீட்ல புறா, கோழி ஏதாவது வளக்கறீங்களா?"

என் காதில் குப்பென்று இரத்தம் ஏறியது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாது. ஆனாலும் ஏறியது.

"நாப்பத்திரெண்டு புறா சார்" என்றாள் லோகு, ஏதோ பேரன் பேத்தி எண்ணிக்கை சொல்வது போல.

"கூண்ட யார் சுத்தம் பண்றது?"

"நான்தான் சார். டெய்லி காலைல."

புறா எச்சம் காய்ந்து பொடியாகி, இறகுத் தூசியோடு சேர்ந்து மூச்சில் போகிறதாம். எல்லோருக்கும் எதுவும் ஆவதில்லை. சிலர் உடம்புக்கு மட்டும் ஆகாது, நுரையீரல் வீங்கி வீங்கித் தழும்பாகிவிடும். தழும்பான இடம் திரும்பாது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றலாம், மாத்திரை தருகிறேன், ஆனால் புறா ஒன்றுகூட இருக்கக் கூடாது, அந்தத் தூசி இருக்கிற இடத்துக்கே லோகு போகக் கூடாது என்றார்.

"சார், அதுங்களத் தொட்டு எடுக்கறதெல்லாம் நான். எனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றேன்.

"நீங்க பெருக்கலியே ஐயா" என்றார்.

ஜனவரி 28, செவ்வாய்

வாயில் துணி கட்டிக்கொண்டு நானே கூண்டைப் பெருக்கினேன். பத்தே நிமிடத்தில் வெயில் விழுகிற இடத்தில் தூசி புகையாக நின்றது. இதற்குள்ளா குனிந்து நின்றாள்? மஞ்சள் காமாலை வந்து நான் படுத்தபோது பத்து நாளைக்கு என்று விளக்குமாற்றை அவளிடம் கொடுத்தேன். அது பத்தொன்பது வருடத்துக்கு முன்பு. திரும்ப வாங்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

நசீர் பாய் வந்தார். இருபது வருடமாகப் பந்தயத்தில் எனக்கு எதிரி, மற்ற நேரத்தில் சிநேகிதர். குடியாத்தத்தில் அவர் மச்சானுக்குத் தோட்டம் இருக்கிறது. வேனில் கூடைகளை ஏற்றினோம். மெயிலை நானே வைத்தேன். என் கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது.

"பெரிய புறாங்களத் தொறந்துடாத பாய். குஞ்சுங்கதான் புது எடத்துல பழகும்" என்றேன்.

"எனுக்கே சொல்றியா? நீ தங்கச்சியப் பாத்துக்கோ" என்றார்.

கூண்டை உடைத்தேன். மாடியைக் கழுவிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன். லோகு கீழேயே இருந்தாள். வேன் போகும்போது ஜன்னலில் நின்றாள்.

பிப்ரவரி 19, புதன்

மெயில் வந்தது 11.40.

அந்த மச்சான் கூண்டைத் திறந்துவிட்டிருக்கிறான். மூன்று மணிக்குள் ஒன்பது வந்துவிட்டன. கூண்டு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதே இடத்தில் வந்து இறங்கி, வெள்ளைத் தரையில் சுற்றிச் சுற்றி நடந்தன.

குச்சியால் விரட்டினேன். தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்தன. பட்டாசு வெடித்தேன். ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தன. பக்கத்து வீட்டில் திட்டினார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

நசீர் பாய் வந்து நாலைப் பிடித்துப் போனார். மெயில் சிக்கவில்லை. இரை இல்லாவிட்டால் தானாகப் போய்விடும் என்றார்.

மார்ச் 14, வெள்ளி

மாத்திரையால் லோகு முகம் உப்பியிருக்கிறது. நன்றாகத் தெரிகிறாள் என்று சொன்னேன். நம்பவில்லை. மகள் ஹேமாவதி அம்பத்தூரிலிருந்து வந்து போனாள். "அம்மாவ ஒரு வேலையும் செய்ய விடாதப்பா" என்றாள். யார் விடுகிறார்கள்? துணி நான்தான் துவைக்கிறேன். மத்தியானம் அடித்துப் போட்டது போலத் தூக்கம் வருகிறது.

மார்ச் 29, சனி

எலித்தொல்லை. புறாக்களுக்குப் போட்டதில் மீதி இருந்த கம்பு டப்பா பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. பொறி வாங்க வேண்டும்.

புறாக்கள் ஐந்தும் போகவே இல்லை. என்ன தின்று உயிரோடு இருக்கின்றனவோ.

ஏப்ரல் 8, செவ்வாய்

பொறியில் எலி விழவில்லை. கம்பு குறைகிறது.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டாவது டெஸ்ட். போகும்போது தெம்பாகத்தான் போனோம். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை, ஓய்வு. குறைந்தது அறுபது வரும் என்று நினைத்தேன். சீட்டில் உள்ளதை எல்லாம் நானே பார்த்துச் செய்தேன்: இரண்டு இட்லி மட்டும், தொளதொள ரவிக்கை. பியூலா "வாங்கம்மா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

நாற்பத்தாறு.

நான் திரும்பப் பண்ணச் சொன்னேன். பண்ணினாள். நாற்பத்தாறு.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "புறாவெல்லாம் குடுத்தாச்சுன்னு சொன்னீங்களே ஐயா?"

"அம்மா சத்தியமா சார். கூண்டையே ஒடச்சிட்டேன். ஒரு இறகு கெடையாது வீட்டுல." குரலை உயர்த்திவிட்டேன். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லோகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ மூலக்கொத்தளம் தாண்டியது. அப்புறம் லோகு சொன்னாள்.

"எலி இல்லய்யா. நான்தான்."

எனக்குப் புரியவில்லை.

"நீ மத்தியானம் தூங்கசொல்ல மாடிக்குப் போவேன். அதுங்க பட்டினியா உக்காந்துகினு கீதுங்க. கம்பு போடுவேன். அதுங்க அசிங்கம் பண்ணத நீ பாத்துடுவியேன்னு பெருக்கிட்டு வருவேன்."

பெருக்கிவிட்டு. நுரையீரலில் பாதி போன பிறகு, என்னிடமிருந்து மறைக்க, திரும்பவும் பெருக்கியிருக்கிறாள்.

நடுரோட்டில் கத்தினேன். செத்துத் தொலைய ஆசையா என்று கேட்டேன். ஆட்டோக்காரர் ஓரமாக நிறுத்திவிட்டார். லோகு அழவில்லை. மூச்சு வாங்க வாங்கத்தான் பேசினாள்.

"அதுங்க இன்னா பண்ணும்? எங்க உட்டாலும் திரும்பி வான்னு... நீதான சொல்லிக் குடுத்த. சொன்னபடி வந்துதுங்க. வந்தத எப்படிய்யா பட்டினி போடறது?"

ஆட்டோக்காரரை வண்டியை எடுக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 26, சனி

புறாக்கள் வீட்டை விடாது. அப்படியானால் நாங்கள்தான் விட வேண்டும். வேறு வழி தெரியவில்லை. கிரேன் ஓட்டிக் கட்டிய வீடு. லோகுவிடம் சொன்னதும் அடுப்படியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அம்மிய எடுத்துக்கினு போவ முடியாது இல்ல?" என்றாள்.

மே 4, ஞாயிறு

அம்பத்தூர். ஹேமாவதி வீட்டுக்குப் பக்கத்துத் தெரு, இரண்டாவது மாடி, நாற்பது படி. கீழ்வீடு கிடைக்கவில்லை. டாக்டரிடம் கேட்டேன். நின்று நின்று மெதுவாக ஏறட்டும், அது அவருக்குப் பயிற்சி என்றார். அம்மியை எடுத்து வந்துவிட்டேன். தூக்கியவர்கள் திட்டினார்கள்.

மே 19, திங்கள்

லோகு கீழேயிருந்து புறப்பட்டது 6.05. மேலே வந்தது 6.19. நாலு இடத்தில் நின்றாள்.

ஜூன் 11, புதன்

புறப்பட்டது 6.02. வந்தது 6.13. மூன்று இடம்.

ஜூலை 24, வியாழன்

மூன்றாவது டெஸ்ட். பியூலா பெட்டியின் கதவைச் சாத்தும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். "சார், தள்ளி நில்லுங்க. உங்க மூச்சு கண்ணாடில படுது" என்றாள். குழாய் மூடிய அந்த இரண்டு செகண்டும் நான் மூச்சு விடவில்லை.

ஐம்பத்து மூன்று.

போனதில் பெரும்பகுதி போனதுதான், இது அப்படியே நின்றால் போதும் என்றார் டாக்டர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மேசைமேல் தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன். லோகு எல்லோர் எதிரிலும் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

நசீர் பாய் போன் செய்தார். மற்ற நாலும் போய்விட்டன, பூட்டிய வீட்டு மாடிச் சுவரில் மெயில் மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்ததாம். இன்றைக்குத்தான் வலையில் பிடித்திருக்கிறார். இளைத்துப் போயிருக்கிறது என்றார். இனிக் கூண்டை விட்டு வெளியே விட மாட்டேன் என்றார். சரி என்றேன்.

சாயங்காலம் லோகு கீரை வாங்கிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல நான் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கையில் கடிகாரத்தோடு நின்றேன். புறப்பட்டது 5.32. பன்னிரண்டாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, என்னாண்டயும் பந்தயமா? மேல நின்னுகினு மணி பாக்கற. எறங்கி வாயேன்."

இறங்கிப் போனேன். கீரைக்கட்டை வாங்கிக்கொண்டேன். அவள் நின்ற இடத்தில் நானும் நின்றேன். அவள் ஏறியபோது ஏறினேன்.

வந்து சேர்ந்த நேரம் தெரியாது. நானும் படியில்தான் இருந்தேன்.